கடைசியில் வருகிறவன்

கைப்பிடியில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடிக்குள் சாலை காலியாகவே இருந்தது. செண்பகராமன் பத்து மிதிக்கு ஒரு தரம் அதைப் பார்த்துக்கொண்டு போனான். தூரத்தில் ஒரு புள்ளி தெரியும், சைக்கிளோ என்று நெஞ்சு துள்ளும், புள்ளி வளர்ந்து லாரியாகிக் கண்ணாடியை நிறைத்து, சட்டையைப் பிடித்து இழுக்கிற காற்றோடு தாண்டிப் போகும், பிறகு மறுபடியும் காலி. இரண்டு பக்கமும் இலை உதிர்த்த தேக்கங்காடு, நடுவே நான்கு வழிச் சாலை, வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவன் ஒருத்தன். அருணகிரி அத்தான், அக்கா வீட்டுக்காரர், வந்துவிடுவார். நாற்பது நிமிஷம்தானே ஆகிறது. டெலிபோன் ஆபீஸில் லைன்மேனாக முப்பத்தைந்து வருஷம் தோளில் ஒயர்ச் சுருளைப் போட்டுக்கொண்டு கோவில்பட்டி வெயிலில் சைக்கிள் மிதித்த மனுஷன், அறுபத்து நாலு வயதில் கன்னியாகுமரியிலிருந்து நாக்பூர் வரை மிதித்து வந்துவிட்டவர், இந்த ஒரு காட்டைத் தாண்டி வர மாட்டாரா. வருவார். மெதுவாக வருவார். வழியில் யாரையாவது பிடித்துவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். கதை என்று நினைத்ததும் காது மடல் சுட்டது. காலை எட்டரை மணிக்கு ஏறிய சூடு இன்னும் அங்கேயே இருந்தது, ஹெல்மெட்டுக்குள் வேர்வையோடு வேர்வையாக. அவன் அழுத்தி மிதித்தான். அழுத்தி மிதிக்கக் கூடாது, நிதானமாகப் போனால்தான் அவர் வந்து சேர முடியும் என்று ஒரு நினைப்பு. சேர வேண்டாம், கொஞ்ச நேரமாவது அந்தக் குரல் இல்லாமல் இருக்கட்டும் என்று அதன் மேலேயே இன்னொரு நினைப்பு. கால் இரண்டாவதின் பேச்சைத்தான் கேட்டது. மேலே போட்டிருந்த மஞ்சள் ஜாக்கெட் காற்றில் படபடத்தது. அன்றைக்கு வால் அவன்தான். ஏழு பேர் போகிற கூட்டத்தில் கடைசியாக வருகிறவனுக்கு அந்தப் பேர். கன்னியாகுமரியில் கிளம்பிய அன்றைக்கே தலைவர் ஞானதிரவியம் சார், பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்த குரல் மாறாமல், எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்: “வாலுக்கு ஒரே வேலைதான். யாரையும் முந்தக் கூடாது. முன்னால போறவன் நின்னா இவனும் நிக்கணும். ஒக்காந்தா இவனும் ஒக்காரணும். காஷ்மீர் வரைக்கும் அவ்வளவுதான் சட்டம்.” எல்லோரும் சிரித்தார்கள். அத்தான்தான் கை தூக்கி, “படுத்துட்டா?” என்று கேட்டார். “படுத்துட்டா இவனும் படுக்கணும் அண்ணாச்சி” என்றார் சார். படுத்துவிட்டால். செண்பகராமன் கண்ணாடியைப் பார்த்தான். காலி.

தண்ணீர் குடிக்க நின்ற தாபாவில் சார் கேட்டார், கேட்காமல் இருப்பாரா. “அருணகிரி அண்ணாச்சி எங்கடே?” அவன் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல், “பின்னாலயே வாரார் சார்” என்றான். அவ்வளவுதான், மூன்று வார்த்தை. சார் சாலையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வால் சொன்னால் சரி. “அப்போ நாங்க நகர்றோம், கவாசாவுல சாப்பாட்டுக்குப் பார்ப்போம்” என்று ஐந்து பேரும் கிளம்பிப் போனார்கள். டாக்டர் நஸீமா மட்டும், கடையநல்லூரில் கிளினிக் வைத்திருக்கிற பெண், சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றியபடி அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் கேட்காமல் போனாள். பின்னாலயே வாரார். பொய்யா அது? வந்துகொண்டுதானே இருப்பார். அவரை அந்த மரத்தடியில் விட்டு வந்து பதினைந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது அப்போது. அது நம்பிக்கை, பொய்யில்லை. பொய்தான். ஒரு ஆள் பின்னால் வருகிறான் என்று சொல்ல வேண்டுமானால் அவன் வருவதைப் பார்த்திருக்க வேண்டும். அவன் பார்த்தது அத்தான் மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றதை. அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைக்கூட, அப்போதைக்கு, கையால் கீழே மடக்கி விட்டிருந்தான். மடக்கியது ஞாபகம் வந்ததும் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தான். யாராவது பார்த்தார்களா? இந்தக் காட்டில் யார் பார்க்கப்போகிறார்கள், குரங்கு பார்த்திருக்கும், கருத்த முகமும் நீண்ட வாலுமாக வேலிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்ததே, அது பார்த்திருக்கும்.

எல்லாம் காலையில் ஆரம்பித்தது. இல்லை, இருபத்து மூன்று நாளாக நடந்துகொண்டிருந்தது, காலையில் கரை உடைந்தது. ஊருக்கு ஒரு தரம், ஆளுக்கு ஒரு தரம் அத்தானுக்கு அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். திருமங்கலத்தில் பஞ்சர் ஒட்டுகிறவரிடம் சொன்னார். பெங்களூரில் தங்க இடம் கொடுத்த தமிழ்ச் சங்கத்துக்காரரிடம் சொன்னார். “இவன் என் சம்சாரத்துக்குத் தம்பி. நான் வளத்த பையன். அப்பனும் ஆத்தாளும் ஒரே வருசத்துல போயிட்டாங்க. பதினோரு வயசுல ஒரு தகரப் பெட்டியத் தூக்கிட்டு வந்தான், மூணு நாள் சாப்பிடல.” நாற்பத்தெட்டு வயது ஆள், பாலிடெக்னிக்கில் முப்பது நாற்பது பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறவன், ஒவ்வொரு ஊரிலும் தகரப் பெட்டியோடு நிற்க வேண்டியிருந்தது. கேட்கிறவர்கள் அவனைப் பார்ப்பார்கள், முகத்தில் ஒரு இரக்கம் ஓடும், அவன் சிரித்து வைப்பான். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. இன்றைக்கு மன்சர் தாண்டி ஒரு கடையில் அவல் உப்புமாவும் டீயும். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் ஆரம்பித்தார், தகரப் பெட்டி, மூணு நாள் சாப்பாடு, எல்லாம் வரிசைப்படி வந்தது, முடிகிற இடத்தில் முடியவில்லை. “ஒரு வருசம் பூரா பாய நனைச்சுட்டான். பதினோரு வயசுப் பய. விடியறதுக்கு முன்ன நான் எந்திரிச்சி அலசிப் போடுவேன்” என்றார், உப்புமாவைக் கிண்டிக்கொண்டே, மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி. சார் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. எதிரே இருந்த இரண்டு பேர் முதுகில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். செண்பகராமனுக்கு வாயிலிருந்த அவல் மணலாகிப்போனது. நஸீமா சிரிக்கவில்லை. அவள் அத்தானையே பார்த்து, “அண்ணாச்சி, இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேட்டாள். “லீவு நாள் மாதிரித்தான் இருக்கு தாயி” என்றார் அவர், அதற்கும் ஒரு சிரிப்பு. தன்மேல் பரிதாபப்பட்டுப் பேச்சை மாற்றுகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. அந்தப் பரிதாபம் சிரிப்பைவிட எரிந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே மிதித்தான். வால் முந்தக் கூடாது. வெளிறிய நீலச் சட்டை, கழுத்தில் சுற்றிய துண்டு, கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்கிற உடம்பு. அந்த முதுகை அவனுக்கு அவ்வளவு பிடிக்காமல் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டான். புரச மரங்கள் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நின்றன, ஒன்றும் மனதில் ஏறவில்லை. அவர் இறங்கினார். அவனும் இறங்கினான். தண்ணீர் குடித்தார். “மாப்ள, இது எந்த ஊருடே?” என்று கேட்டார். நாக்பூர் தாண்டினதிலிருந்து மூன்றாவது தடவை. முதல் தடவை சொன்னான், இரண்டாவது தடவையும் சொன்னான். மூன்றாவது தடவைக்கு அவன் வாயிலிருந்து வந்தது வேறு. “ஒங்களுக்கு ஊர் எதுக்கு? எந்த ஊரா இருந்தாலும் என் கதையத்தான் சொல்லப்போறீங்க. நாக்பூர்லயே ஒங்கள ரயில் ஏத்தி விட்டுருக்கணும். ஒங்களால எல்லாருக்கும் எடஞ்சல்.” சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான். அவர் ஒன்றும் கோபப்படவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “நீ முன்னால போ மாப்ள, நான் பைய வாரேன்” என்றார். ஆமாம், அப்படித்தான் சொன்னார். அவரே போகச் சொன்னதால்தான் அவன் வந்தான். அவரே சொன்ன பிறகு வாலுக்கு என்ன வேலை. சார் கேட்டால் இதைச் சொல்லிவிடலாம். அக்கா கேட்டாலும் சொல்லலாம். நீ முன்னால போ மாப்ள. அந்தக் குரல் காதில் தெளிவாக இருந்தது, ஆனால் அதோடு சேர்ந்து ஏன் ஒரு கோயில் மைக் சத்தம் கேட்கிறது? இந்தக் காட்டில் ஏது கோயில், ஏது மைக்? மிதித்துக்கொண்டே அந்தச் சத்தத்தைப் பிடித்துப் பின்னால் போனான். பாட்டு, சாமந்தி மாலை, செருப்புக்கடை வாசலில் அத்தான். அது நேற்று. நாக்பூருக்குள் நுழைகிற இடத்தில் அவருக்குச் செருப்பு வார் அறுந்தபோது சொன்னது. நேற்றுச் சொன்னதை எடுத்து இன்றைக்கு வாயில் ஒட்டியிருக்கிறான். அப்படியானால் இன்றைக்கு, மரத்தடியில், அவர் என்ன சொன்னார்? ஒரு லாரி கடந்து போனது. இன்னொன்று. செயின் ஒரு சீராகக் கரகரத்துக்கொண்டிருந்தது. இரு. இருடே. “இருடே, கை மாத்திப் போட்டுட்டேன்.” அதுதான். வலது கையுறையை இடது கையில் போட்டிருந்தார், அதைக் கழற்றிக்கொண்டுதான் நின்றார். இருடே என்றுதான் சொன்னார். அவன் கண்ணாடியை மடக்கிவிட்டுக் கிளம்பி வந்தான்.

நின்றான். ஓரத்துத் தடுப்பில் காலை ஊன்றிப் போனை எடுத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான், மறுபடியும் அதேதான். பையில் வைத்திருப்பார், மிதிக்கிறவருக்குக் கேட்காது. லாரிச் சத்தத்தில் கேட்காது. கேட்கிற நிலைமையில் இல்லையென்றால்? லாரிக்காரன் இடித்துப் போட்டால் நிற்கவா போகிறான். ஓரத்துப் பள்ளத்தில் நீலச் சட்டை. துண்டு. அக்காவுக்கு எப்படிச் சொல்வது? “அக்கா” என்று ஆரம்பித்து அடுத்த வார்த்தைக்குப் போக முடியவில்லை, மனதுக்குள்ளேயே போக முடியவில்லை. கோவில்பட்டியில் வழியனுப்ப வந்தபோது கோமதி அக்கா அவனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சட்டைப் பொத்தானைச் சரி பண்ணுகிற மாதிரி நின்று, “அத்தானக் கொஞ்சம் பாத்துக்கோ. முன்ன மாதிரி இல்ல” என்றாள். முழங்கால் என்று நினைத்துக்கொண்டான். “பாத்துக்கிடுதேன்க்கா” என்றான். அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். முன்ன மாதிரி இல்ல. முழங்காலைப் பற்றிச் சொல்லும்போது யாராவது அப்படிக் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்களா? அவன் மறுபடி ஏறி மிதிக்க ஆரம்பித்தான், வடக்கேதான், கவாசாவை நோக்கித்தான், ஏனென்று அவனுக்கே தெரியவில்லை, திரும்பினால் எல்லாம் உண்மையாகிவிடும் என்ற மாதிரி. பாய். அந்தப் பாயை மட்டும் நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து ஒதுக்கி ஒதுக்கி வந்தான், அது வந்துவிட்டது. கோரைப் பாய், ஓரத்தில் பச்சைக் கோடு. முதல் நாள் விழித்தபோது வெளியே இன்னும் வெளுக்கவில்லை, இடுப்புக்குக் கீழே எல்லாம் ஈரம், அசையாமல் கிடந்தான், செத்துப்போய்விட்டால் நல்லது என்று பதினோரு வயதில் நினைத்தான். பக்கத்தில் யாரோ குனிந்தார்கள். அத்தான். இருபத்தேழு வயது, கல்யாணமாகி ஆறு மாதம். ஒன்றும் பேசவில்லை, விளக்கும் போடவில்லை. அவனை அலுங்காமல் தூக்கித் தன் பாயில் படுக்க வைத்துவிட்டு, நனைந்ததைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் மெல்லக் கேட்டது, சத்தம் வராமலிருக்கக் கையைக் கொடுத்துப் பிடிக்கிறார் என்று தெரிந்தது. விடிந்ததும் அக்கா, “பாய் ஏன் ஈரமா இருக்கு?” என்றாள். “நான்தான் செம்பத் தட்டி விட்டுட்டேன்” என்றார். மறுநாளும். அடுத்த வாரமும். பிறகு அக்கா கண்ணில் படாமல் ஆபீஸ் பின்கட்டில் ஒயர்ச் சுருள்களுக்குப் பின்னால் காயப்போட்டு எடுத்து வருவார். ஒரு வருஷம். அக்காவுக்குத் தெரியாது. இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அவனிடம்கூட ஒரு நாள், ஒரு பார்வையில்கூட, அதைக் காட்டிக்கொண்டதில்லை. கல்யாண வீடுகளில் குடித்துவிட்டுக் கேலி பண்ணியபோது, சொத்துத் தகராறு மாதிரி இருவரும் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு வருஷங்களில், எவ்வளவோ பேசினார், தகரப் பெட்டியைப் பேசினார், சாப்பிடாததைப் பேசினார், பாயைப் பேசினதில்லை. முப்பத்தேழு வருஷம்.

அவன் கால் நின்றுபோனது. சைக்கிள் தானாக ஓடியது. முப்பத்தேழு வருஷம் வாயைத் திறக்காத மனுஷன் இன்றைக்கு உப்புமாவைக் கிண்டிக்கொண்டு சொல்வாரா? சொல்ல மாட்டார். அத்தான் சொல்ல மாட்டார். சொன்னது யார் அப்படியானால்? அவர் முகத்தை மறுபடி நினைத்துப் பார்த்தான். கேலி பண்ணுகிற முகமே இல்லை அது. யாரெல்லாம் சுற்றி இருக்கிறார்கள் என்பதே தெரியாத முகம். பூட்டி வைத்த பெட்டியின் பூட்டுத் தானாகக் கழன்று விழுந்தது போல அந்த வார்த்தை விழுந்திருக்கிறது, அவருக்கே சத்தம் கேட்காமல். இது எந்த ஊருடே. மூன்று தடவை. ஆதிலாபாத்தில் நஸீமாவைக் கோமதி என்று கூப்பிட்டார், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். ஒரே கதையை ஊர் ஊராகச் சொன்னது பெருமைக்கு என்று நினைத்தான். சொன்னது மறந்துதான் மறுபடி சொல்லியிருக்கிறார். கையுறை. என்ன கிழமை. டாக்டர் பேச்சை மாற்றவில்லை, பரிசோதித்திருக்கிறாள். கண்ணுக்கு முன்னால் இருபத்து மூன்று நாளும் நடந்திருக்கிறது, பட்டறையில் ஒரு நூல் அளவு தேய்மானத்தைக் காதால் கேட்டே சொல்லிவிடுகிறவன், அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். அந்த மனுஷனிடம்தான், இது எந்த ஊர் என்று நிஜமாகவே தெரியாமல் கேட்ட மனுஷனிடம்தான், ஒங்களுக்கு ஊர் எதுக்கு என்றான்.

திரும்பினான். நடுத்திட்டில் அரளிச் செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது, எதிர்ப்பக்கச் சாலையில் போனால் இந்தப் பக்கம் வருகிறவரைப் பார்க்க முடியாது, அதனால் வந்த வழியிலேயே ஓரத்தில் எதிர்த்திசையில் மிதித்தான். லாரிகள் முகத்துக்கு நேரே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. ஒரு டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டிக்கொண்டு போனார். திட்டட்டும். இப்போது கண்ணாடி தேவையில்லை, முன்னால் பார்த்தால் போதும், முன்னால் பார்ப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. வளைவுக்கு வளைவு அவர் வருவார் என்று நினைத்தான். இந்த வளைவு. இல்லை. அடுத்த வளைவு. பாலம் வந்தால் இறங்கிக் கீழே எட்டிப் பார்த்தான், வறண்ட ஓடை, சருகு, ஒரு பிளாஸ்டிக் பை நீலமாக, அந்த நீலத்துக்காகச் சரிவில் பாதி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினான். தாபாவைத் தாண்டும்போது உள்ளே பார்த்தான், இல்லை. வேண்டிக்கொள்ள எந்தச் சாமியும் வாயில் வரவில்லை, எண்ணிக்கைதான் வந்தது, நூறு மிதிக்குள் தெரிந்துவிடுவார், சரி, இன்னொரு நூறு. அந்த மரம் வந்தபோது அவனுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை, தாண்டிப் போய்த் திரும்பி வந்தான். மரத்தடியில் யாரும் இல்லை. வாழைப்பழத் தோல் ஒன்று, சைக்கிள் டயர் மண்ணில் வளைந்து போன தடம். அந்தத் தடம் வடக்கே போகவில்லை. தெற்கே போயிருந்தது. அவன் குனிந்து மறுபடி பார்த்தான். கொஞ்சம் தள்ளி மாடு மேய்த்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவரிடம் ஓடினான். பாஷை தெரியாது, கையால் சைக்கிள் மிதித்துக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, அத்தானின் நரைத்த மீசையை முறுக்குகிற மாதிரிக் காட்டினான். பெரியவர் கோலைத் தூக்கித் தெற்கே காட்டினார். “உதர்” என்றார். பிறகு வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்து, யாரையோ கூப்பிடுகிற மாதிரிச் செய்து காட்டினார். ஏன் தெற்கே? கோபித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டாரா? ரயில் ஏத்தி விட்டுருக்கணும் என்று சொன்னானே, நாக்பூருக்கே போகிறாரா? இல்லை, திசையே தெரியாமல் போகிறாரா? ஓடிப்போய்ச் சைக்கிளில் ஏறித் தெற்கே மிதித்தான்.

ஏழு கிலோமீட்டர் போன பிறகு பார்த்தான். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சாலை ஓரத்தில் அத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தார், வருகிற லாரிகளுக்கு எதிராக, ஹெல்மெட் இல்லாமல், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு. பத்தடிக்கு ஒரு தரம் நின்று காட்டுக்குள் எட்டிப் பார்த்தார். “ஏ செண்பகம்” என்று கூப்பிட்டார். குரல் கம்மிப் போயிருந்தது, நிறைய நேரம் கூப்பிட்ட குரல். பதிலுக்குக் காத்திருந்தார், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கம்பத்தில் ஒயரைக் காதில் வைத்துக் கேட்கிற மாதிரி. பிறகு மறுபடி நடந்தார். செண்பகராமன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். அருகில் போனதும் அவர் திரும்பினார். முகம் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. அவனைப் பார்த்தார், மஞ்சள் ஜாக்கெட்டைப் பார்த்தார், யாரோ சாலைப் பணிக்காரனிடம் பேசுவது போலப் பேசினார்.

“ஒருத்தன் பின்னால வந்தான்ங்க. என் மச்சினன். காணும். இந்த வழியா யாராச்சும் வந்தாங்களா?”

“அத்தான்.”

“கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். காலையில நான் ஏதோ சொல்லிப்புட்டேன். அவன் மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு. என்ன சொன்னேன்னு ஞாபகம் வர மாட்டேங்கு. பாஷை தெரியாத ஊரு. அவன் அக்காளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“அத்தான், நான்தான். செண்பகம்.”

அவர் ஜாக்கெட்டை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அந்த நிமிஷம் எவ்வளவு நீளம் என்று செண்பகராமனால் பிறகு ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. பிறகு அவர் கண்ணில் ஏதோ வந்து சேர்ந்தது. சைக்கிளை விட்டார், அது தடுப்பில் சாய்ந்து விழுந்தது. அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“எங்கல போன? எங்கெல்லாம் தேடுதேன்? சொல்லிட்டுப் போக மாட்டியா?”

“தப்புத்தான் அத்தான்.”

“சாப்ட்டியா?”

அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் ஒரு வேப்ப மர நிழலில் உட்கார வைத்தான். அவர் கை சில்லென்று இருந்தது, அந்த வெயிலில். சாருக்குப் போன் போட்டான். எடுத்ததும், வேறு எதுவும் வருவதற்கு முன், சொல்லிவிட்டான். “சார், அத்தான் பின்னால வரல. நான் பொய் சொன்னேன். அவர வழியில விட்டுட்டு வந்துட்டேன். இப்போ கூட இருக்கேன்.” “உயிரோட இருக்காரா?” என்றார் சார். “இருக்கார்.” “அங்கேயே இருங்க. எல்லாரும் திரும்பி வாரோம்” என்றார், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நஸீமா போனை வாங்கினாள். “வெறும் தண்ணி குடுக்காதீங்க, உப்பும் சர்க்கரையும் கலந்து குடுங்க. ஒடம்புல உப்புக் கொறஞ்சாலும் கொழப்பம் வரும். ஆனா அது மட்டும்தானான்னு இப்ப சொல்ல முடியாது. ரெண்டு நாளா எனக்குச் சந்தேகம். ஒங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்” என்றாள். பையில் இருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்துக் கலந்து கொடுத்தான். அத்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதி குடித்தார். குடித்துவிட்டு, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தார்.

“நான் என்னடே சொன்னேன், காலையில?”

“பழைய கதை ஒண்ணு அத்தான். ஒண்ணுமில்ல. நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்.”

“கேலி பண்ணிட்டேனா?”

“இல்ல.”

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தெளிவான குரலில், லைன் பழுதைப் பற்றி ஆபீஸில் சொல்கிற குரலில் பேசினார். “மூணு நாலு மாசமா ஒரு மாதிரி இருக்கு மாப்ள. எங்கேயோ ஒயர் விட்டுப்போயிருக்கு. எந்தக் கம்பத்துலன்னு தெரியல. சமயத்துல பேசுத ஆளு யாருன்னே வர மாட்டேங்கு. மிதிச்சா சரியாயிரும்னு நெனச்சேன்.” அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒங்க அக்காளுக்குத் தெரியாது. சொல்லிராத. ஒடஞ்சு போவா.”

அக்காவுக்குத் தெரியும். சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்ற விரல்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் இரண்டு பேரும் அந்த வீட்டுக்குள் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிடலாம். அவர் கேட்டு அவன் சரி என்று சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள். சரி அத்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்கப்புறம் இன்னொரு சாலை, இன்னொரு வெயில், லாரிகளுக்கு எதிரே நடந்து போகிற இவர். அவன் இல்லை என்று தலையை அசைத்தான்.

“சொல்லணும் அத்தான்.”

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அப்படி அவனிடமிருந்து முகத்தைத் திருப்பி அவன் பார்த்ததில்லை. வடக்கே, கானல் ஆடுகிற இடத்தில், சின்னச் சின்னதாக ஏதோ அசைந்தது, அவர்கள்தானா, வேறு யாராவதா, இன்னும் தெரியவில்லை. அவருடைய பெருவிரல் பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“நீ சொல்லுதியா?” என்றார் கடைசியில், திரும்பாமலே.

“நானே சொல்லுதேன்.”

“நான் இங்க இருக்கும்போதே சொல்லு. தனியாப் போய்ப் பேசாத.”

அவன் எண்ணைப் போட்டு, இருவருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியை அழுத்தி, போனை இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்தான். மூன்றாவது மணியில் அக்கா எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினாள்.

“சொல்லுடா தம்பி. எந்த ஊர்ல இருக்கீங்க? அத்தான் பக்கத்துல இருக்காங்களா?”

“இருக்காங்கக்கா” என்றான் செண்பகராமன். அத்தான் அவன் முழங்காலில் கையை வைத்தார்.